வள்ளி விரட்டினாலும் மயில் போகவில்லை! - ஆடிப்பட்டத் தோட்டமும் அரங்கேற்றக் கும்மியுமாக கொங்கு கிராமத்தில் ஒரு சனி, ஞாயிறு

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பனியன் கம்பெனிகளில் வாரக்கூலி கைக்கு வந்ததும், பல்லடம், தாராபுரம், காங்கேயம் பக்கம் போகிற பேருந்துகளில் கால் வைக்க இடம் இருக்காது. மிக்சர் பொட்டலம், பிள்ளைகளுக்கு பன், பாட்டிக்குத் தலைவலித் தைலம் என்று ஆளுக்கொரு பை. இந்த ஆடி மாதம் அந்தப் பைகள் சிலவற்றில் சலங்கையும் இருக்கிறது.

ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் 26 வயதுப் பெண்ணின் பையில் சலங்கையோடு விதைப் பாக்கெட்டுகளும் இருந்தன. கொத்தவரை, வெண்டை, செடி முருங்கை. பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே உள்ள கிராமத்தில் அப்பத்தா தனியாக இருக்கிறார். வாரத்தில் ஒன்றரை நாள் பேத்தி வருவாள். அந்த ஒன்றரை நாளுக்குள் இரண்டு வேலை முடிய வேண்டும். ஆடி பாதி போய்விட்டது, பொடக்காளியில் இன்னும் விதை விழவில்லை. ஆவணி முதல் ஞாயிறு மாரியம்மன் கோயில் மைதானத்தில் வள்ளி கும்மி அரங்கேற்றம், வரிசை இன்னும் சரியாகச் சுற்றவில்லை.

ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

இரவு எட்டு மணி, கோயில் மைதானம்

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் இரவு எட்டு மணிக்கு மேல் கிராமச் சாலைகளில் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். கோயில் முன்னால் ஒரு குழல் விளக்கு, ஒரு ஒலிபெருக்கி, மைக் பிடித்த வாத்தியார், மேளம். எதிரே நாற்பது, ஐம்பது, அறுபது பேர். பள்ளிக்கூடப் பிள்ளைகள், தறி ஓட்டுகிறவர்கள், பேங்க்கில் வேலை பார்க்கிறவர்கள், பேரன் எடுத்த அம்மணிகள். வாத்தியார் பாட்டை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடி, கைகொட்டி, குனிந்து, நிமிர்ந்து, திரும்பி ஆடுவார்கள். மெதுவாகத் தொடங்கும் அடி கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடிக்கும். கடைசிச் சுற்றில் தரையில் புழுதி எழும்பும்.

ஒன்றிரண்டு மாதம் பயிற்சி. பிறகு ஒரே நிறச் சேலை, வேட்டி சட்டையில் ஊர் முன்னால் அரங்கேற்றம். மாலையில் தொடங்கினால் மூன்று, நான்கு மணி நேரம் ஆட்டம் நடக்கும். பங்காளிகள், மாமன் மச்சான்கள் வந்து ஆடுகிறவர்களுக்குத் துண்டு போடுவார்கள். யூடியூபில் நேரலை ஓடும். வெளிநாட்டில் இருக்கிற மகன் அங்கிருந்தே ‘அம்மா ரெண்டாவது வரிசையில இருக்காங்க’ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வட்டம் போட்டு அனுப்புவார்.

இன்றைக்கு இந்த வரிசைகளில் பெண்களே அதிகம் என்பதால், எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றும். ஆனால், வள்ளி ஒயில் கும்மி நெடுங்காலம் ஆண்களின் ஆட்டமாகவே இருந்தது. வள்ளியின் கதையை ஆண்களே பாடி, ஆண்களே ஆடினார்கள். அந்த வழக்கத்தை மாற்றிப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்திரப்பன். 2024-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது வயது 87. அதே ஆண்டு பெருந்துறையில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே மைதானத்தில் வள்ளி கும்மி ஆடினார்கள். ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது.

“எங்க காலத்துல பொம்பளைப் புள்ளைங்க மார்கழியில கோலம் போட்டுட்டு, வாசல்ல சும்மா நாலு தட்டுத் தட்டிக் கும்மி அடிப்போம். அவ்வளவுதான். மைதானத்துல மேளத்துக்கு ஆடுறதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்” என்கிறார் அப்பத்தா. இப்போது பேத்தி ஆடுவதைப் பார்க்க, பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுகிறார். வயது 72. மூட்டு வலி. நாற்காலியைப் பேத்தி தூக்க வந்தால் திட்டு விழும்.

அந்த சனிக்கிழமை இரவு வாத்தியாருக்கு மனசு சரியில்லை. பகலில் தறிக் குடோனில் வேலை, இரவில் வாரத்துக்கு இரண்டு ஊர் என்று பைக்கில் சுற்றுகிற ஐம்பத்தெட்டு வயதுக்காரர் அவர். மொத்தம் 64 பேர், எட்டெட்டுப் பேராக எட்டு வரிசை. வரிசைக்கு வரிசை எதிரெதிராக வந்து கைகொட்டித் திரும்புகிற அடி ஒன்று இருக்கிறது. ஜோடி இருந்தால்தான் அது நிற்கும். ஐந்தாவது வரிசைப் பெண் ஒருத்தி நீட் பயிற்சிக்காக நாமக்கல் விடுதிக்குப் போய்விட்டாள். அவளுக்கு எதிரே நின்றவள் காற்றோடு கைகொட்டிக்கொண்டிருந்தாள். அந்த இடம் வரும்போதெல்லாம் வரிசை சாய்ந்தது. பத்தரை மணிக்கு வாத்தியார் மைக்கை அணைத்தார். “நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் வந்துருங்க சாமி. ஒரு ஆளு பாக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

சுரைக்குடுவையும் சாம்பலும்

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அப்பத்தாவின் பொடக்காளி. புழக்கடைக்குக் கொங்குச் சொல் இது. எட்டு சென்ட் இருக்கும். பாத்திரம் கழுவும் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் போய்ச்சேருகிற ஓரத்தில் நான்கு வாழை, ஒரு கறிவேப்பிலை. வடக்கே கல்லுக்கால் பந்தல். மேற்கே வரிசையாக ஆமணக்கு.

ஆமணக்கு சும்மா நிற்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று இந்தப் பக்கம் அத்தனை வேகமாக வீசும். காற்றாலைகள் இங்கே வரிசை கட்டி நிற்பதற்கும் இதுவே காரணம். மழை கணவாய்க்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, இங்கே சாரலாகவும் காற்றாகவும் வந்து சேரும். முளைத்த கொடியை அந்தக் காற்று முறுக்கிப் போட்டுவிடும், பாத்தி ஈரத்தை மதியத்துக்குள் உறிஞ்சிவிடும். அதனால், மேற்கே ஒரு பச்சைச் சுவர். கூடவே, புழுவும் முதலில் ஆமணக்கு இலைக்குப் போகும்; பந்தல் தப்பிக்கும். வேளாண்மைத் துறையினர் இதைப் பொறிப்பயிர் என்று பெயர் சொல்லிப் பரிந்துரைக்கிறார்கள். அப்பத்தா பெயர் எதுவும் சொல்வதில்லை. “கொட்டைமுத்துச் செடி இருக்கோணும்” என்பதோடு சரி.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. ஏன் ஆடி என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் காய்ந்த மண் தென்மேற்குச் சாரலில் கொஞ்சம் குளிரும். அப்போது போட்ட விதை வேர் பிடித்துக் கொடி ஏறுவதற்கும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை வருவதற்கும் சரியாக இருக்கும். அவரை, மொச்சை போன்றவை பகல் குறைந்து பனி விழும் நாள்களில்தான் பூவைக் கொட்டும். ஆடியில் போட்டால் மார்கழி, தையில் பொங்கலுக்குக் காய். பத்து நாள் தள்ளிப்போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. ஒரு மாதம் தள்ளிப்போட்டால் கொடி வளர்வதற்குள் மழை வந்துவிடும்.

அப்பத்தாவின் விதைப் பெட்டகம் அடுக்களைப் பரணில் இருக்கும் காய்ந்த சுரைக்குடுவைகள். உள்ளே சாம்பலில் புரட்டிய விதைகள், வாய்க்குத் துணிப்பந்து. நாட்டு அவரையில் மட்டும் மூன்று ரகம். பட்டை அவரை, கோழி அவரை, ஊதா ஓரம் வைத்த ஒரு ரகம். மூன்றாவதுக்கு வீட்டில் யாருக்கும் பெயர் தெரியவில்லை. அப்பத்தா கல்யாணமாகி வரும்போது தாய் வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டு வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாக இதே பந்தலில் காய்த்து, இதே குடுவைக்குத் திரும்புகிறது. போன வருடம் அப்பத்தாவுக்கு அறுவை சிகிச்சை நடந்ததால் விதைக்க முடியவில்லை. இந்த ஆடியும் தவறினால் விதை முளைப்புத்திறன் இழந்துவிடும் என்பதுதான் அவருடைய பயம். பேத்தி வாங்கி வந்த பாக்கெட் விதைகளை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

அதனால், முதலில் சோதனை. வெள்ளிக்கிழமையே இருபது விதைகளை ஈரத்துணியில் மடித்து வைத்திருந்தார். ஞாயிறு காலையில் பிரித்தபோது பதினொன்றில் வெள்ளை முனை எட்டிப் பார்த்தது. பாதிக்குச் சற்று மேல். “அப்போ குழிக்கு ரெண்டு கூடப் போடு கண்ணு” என்றார். கணக்கு அவ்வளவுதான்.

குழி ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். தோண்டிய மேல்மண்ணோடு மக்கிய சாணி எருவும் கொஞ்சம் வேப்பம்பிண்ணாக்கும் கலந்து திரும்ப நிரப்ப வேண்டும். பீர்க்கனுக்கும் பாகலுக்கும் விதைத்தோல் கெட்டி, அதனால் முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டாயிற்று. குழிக்கு நாலைந்து விதை. முளைத்த பிறகு தெம்பானவை இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். பேத்திக்கு எப்போதும் மனசு வராத இடம் இது. அவள் பிடுங்காமல் விட்ட குழியில் ஒன்றும் உருப்படியாகக் காய்க்காது என்பது வீட்டில் நிரந்தரக் கேலி.

கொத்தவரையும் வெண்டையும் ஐம்பது நாளுக்குள் குழம்புக்கு வந்துவிடும். பீர்க்கன் இரண்டு மாதம் கேட்கும். புடலை இன்னும் கொஞ்சம் பொறுமை கேட்கும். பிஞ்சு விட்டதும் நுனியில் நூல் கட்டிச் சின்னக் கல்லைத் தொங்கவிட்டால் சுருண்டுகொள்ளாமல் நேராக இறங்கும். சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரப் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, ‘புடலங்காய்க்கு ஜிம்மா?’ என்று கேட்டது இன்னும் இந்த வீட்டில் ஓடுகிறது.

முளைத்துப் பதினைந்து நாளில் பஞ்சகவ்யா. சாணம், கோமியம், பால், தயிர், நெய்யை அடிப்படையாகக் கொண்ட இந்தக் கரைசல் தோட்டக்காரர்களிடையே பரவ முக்கியக் காரணமாக இருந்தவர் பக்கத்து ஈரோடு மாவட்டத்தின் கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் நடராஜன். பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. வடிகட்டாமல் ஊற்றினால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். மாலை வேளையில் தெளிப்பது நல்லது.

அதே கொடுமுடியில் 1908-ல் பிறந்தவர்தான் கே.பி.சுந்தராம்பாள். முருகன் பாட்டென்றால் தமிழ்நாட்டுக்கு அவர் குரல்தான் நினைவுக்கு வரும். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வள்ளியாக நடித்தவர் அவர். எருக்கரைசலும் முருகன் பாட்டும் ஒரே ஊர்ச் சரக்காக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும், இந்த வாரக்கடைசிக்குப் பொருத்தமாக இருக்கிறது.

முருகனின் வாகனமும் அப்பத்தாவின் வசவும்

ஏழரை மணிக்கு மயில்கள் வந்தன. ஐந்து பெட்டைகள், நீளத்தோகையோடு ஒரு ஆண். தென்னை மரத்திலிருந்து இறங்கி, வேலிமேல் நின்று, இப்போதுதான் மூடிய குழிகளைப் பார்த்தன.

பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு மயில் வந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டிய ஊர்கள் இவை. இப்போது விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் காட்டுப்பன்றிக்கு அடுத்து அதிகம் பேசப்படும் பெயர் மயில். விதையைக் கிளறித் தின்னும், முளையைக் கொத்தும், தக்காளியை ஒரு கொத்துக் கொத்திவிட்டு அடுத்ததுக்குப் போகும். நிலக்கடலைக் காடு என்றால் கேட்கவே வேண்டாம். முட்டையைத் தின்னும் குள்ளநரிகள் குறைந்துபோனதையும், தரிசு நிலங்களில் சீமைக்கருவேலம் அடர்ந்து மயிலுக்கு ஒளிய இடம் கிடைத்ததையும் விவசாயிகள் காரணமாகச் சொல்கிறார்கள். தரிசு எப்படி வந்தது என்று கேட்டால், பதில் திருப்பூர் பேருந்தில் ஏறிப் போய்விட்டது.

மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றாலோ விஷம் வைத்தாலோ சிறைதான். அதற்கும் மேல், இது முருகனின் வாகனம். “அடிக்கவும் முடியாது, கும்பிடவும் முடியல. முருகா, உன்ற வண்டிய நீயே ஓட்டிட்டுப் போயிரு” என்று கையெடுத்துக் கும்பிட்டபடியே அப்பத்தா வைகிற வசவுகளில் அச்சில் ஏற்றக்கூடியது இது ஒன்றுதான்.

செய்யக்கூடியது விரட்டுவதும் மறைப்பதும் மட்டுமே. பொடக்காளியைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டியிருக்கிறார்கள். காற்றில் அவை படபடப்பதால் ஓரிரு வாரம் மயில் தயங்கும், பிறகு பழகிவிடும். மினுங்கும் நாடாவும் அப்படியே. குழிமேல் முள்கொத்து வைத்து, முளை ஒரு சாண் உயரும் வரை மூடிவைப்பதுதான் ஓரளவு நம்பகமான வழி. அதைவிட நம்பகமானது ஒரு ஆள்.

அந்த ஆள்தான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண். அவளுடைய அம்மா வாரத்தில் நான்கு நாள் இந்தத் தோட்டத்தில் களை வெட்டவும் தண்ணீர் கட்டவும் வருகிறார். பள்ளி விடுமுறை நாளில் மகளும் வருவாள். தகரத்தைத் தட்டி மயில் விரட்டினால் ஐம்பது ரூபாய். இரண்டு ஆண்டுகளாக நடக்கிற ஏற்பாடு.

அன்றும் தகரத்தைத் தட்டினாள். பிறகு தட்டிக்கொண்டே பாடினாள். வள்ளி பரண் மேல் ஏறி நின்று தினைப்புனத்தில் இறங்கும் பறவைகளை ஆலோலம் பாடி விரட்டுகிற பகுதி. பேத்தி வெட்டிக்கொண்டிருந்த குழியை விட்டு நிமிர்ந்தாள். அவளுக்கே இன்னும் தடுமாறுகிற இடம் அது. முதல் அடியிலிருந்து கடைசி வரை ஒரு சொல் பிசகாமல், மேளம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே தகரத்தை நிறுத்தி, அந்தப் பெண் பாடி முடித்தாள். பாட்டுக்கு மயில் போகவில்லை. கல்லை எடுத்த பிறகுதான் போனது.

“எங்க புள்ளே கத்துக்கிட்டே?”

“தினம் ராத்திரி ரேடியோவுல கேக்குதுங்களே அக்கா. எங்கூட்டுத் திண்ணையில உக்காந்தா நல்லாக் கேக்கும். அடி யூடியூப்ல பாத்தேனுங்க.”

இந்தப் பக்கத்தில் ரேடியோ என்றால் கோயில் ஒலிபெருக்கி. ஒலி போகிற தூரத்துக்கு ஆள் போவதில்லை. அவள் வீடு இருப்பது மைதானத்திலிருந்து நானூறு மீட்டரில், ஊரார் காலனி என்று சொல்கிற தெருவில். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025-ல் தமிழக அரசு அறிவித்தது. ஊர்ப் பேச்சிலிருந்து அது இன்னும் நீங்கவில்லை.

வள்ளி யார் வீட்டுப் பெண்?

வள்ளி கும்மியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேசாமல் கடக்கிற இடம் இது. கும்மிக் குழுக்கள் பெரும்பாலும் ஒரே சமூகத்துக்குள்ளேயே உருவாகின்றன. ஊர்க்கும்மி என்று பெயர் இருந்தாலும், ஊரில் எந்தத் தெரு வரைக்கும் ஊர் என்பதற்கு எழுதாத எல்லை ஒன்று இருக்கிறது. சில மேடைகளில், சொந்த சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்வோம் என்று ஆடிய பெண்களை உறுதிமொழி எடுக்க வைத்த வீடியோக்கள் பரவி, கடும் கண்டனமும் எழுந்தது. ‘அதை வைத்து மொத்தக் கலையையும் குறை சொல்லக் கூடாது’ என்கிறார்கள் ஆடுகிறவர்கள். அது நியாயமான பேச்சுதான். ஆனால், ஆடி முடித்த கதை என்ன என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் சொல்கிற வள்ளி, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை. வளர்த்தது வேடர் தலைவன் நம்பிராஜன். வேலை, தினைப்புனக் காவல். பரணில் நின்று கவண் எறிந்து பறவை விரட்டுகிற பெண்ணைப் பார்க்க முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான், அண்ணன் யானையாக வந்து உதவுகிறான். வீட்டாருக்குத் தெரியாமல் இருவரும் போய்விடுகிறார்கள். நம்பிராஜன் படையோடு துரத்துகிறான். கடைசியில்தான் கல்யாணம். ஆக, இது வேடர் வீட்டுப் பெண்ணின் காதல் கல்யாணக் கதை. இதை ஆடிய கால் ஓய்வதற்குள் அப்படியொரு உறுதிமொழியை வாங்க எந்த மேடையால் முடிந்ததோ, அந்த மேடை பாட்டைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

பொடக்காளியில் அன்று காலை பேச்சு இவ்வளவு நீளவில்லை. பேத்தி கேட்டது ஒன்றே ஒன்று. “சாயங்காலம் வர்றியா? ஒரு ஆள் குறையுது.”

பெண்ணின் முகம் மலர்ந்தது. அவள் அம்மா களைக்கொத்தை நிறுத்தவில்லை. “வேண்டாமுங்க அம்மிணி. எதுக்குங்க... நாளைக்கு நாங்கதான இந்த ஊர்ல இருக்கோணும். நீங்க திங்கக்கிழமை பஸ் ஏறிருவீங்க.”

அந்தப் பதிலுக்கு பேத்தியிடம் பதில் இல்லை. அப்பத்தாவிடமும் இல்லை. “நாலு பேரு நாலு சொல்லுவாங்க கண்ணு” என்றார் பேத்தியிடம், குரலைத் தாழ்த்தாமல். அதே கையோடு குடுவையிலிருந்து ஊதா அவரை விதை ஒரு பிடி எடுத்து, “இந்தா, உன்ற ஊட்டு வேலியோரம் போடு. எங்கூட்டுல மொளைக்கலீன்னா உங்கூட்டுல கெடக்கட்டும்” என்று அந்த அம்மாவின் முந்தானையில் போட்டார். ஐம்பது வருட விதையை யாருக்கும் கொடுக்காதவர் என்று பெயர் எடுத்தவர். காலை டீ மட்டும் வழக்கம்போலவே வந்தது. வீட்டாருக்கு ஒரு டம்ளர், பொடக்காளி ஆணியில் மாட்டியிருக்கும் இரண்டு டம்ளர்கள் இன்னொரு பக்கம். அப்பத்தாவை நல்லவர் பட்டியலிலோ கெட்டவர் பட்டியலிலோ சேர்த்துவிட்டால் எழுதுவது சுலபம். அவர் இரண்டிலும் அடங்கவில்லை.

மதியத்துக்குள் பதினான்கு குழிகள் மூடப்பட்டன. ஆறு அவரை, மூன்று பீர்க்கன், இரண்டு புடலை, இரண்டு பாகல், ஒரு சுரை. எல்லாவற்றின் மேலும் முள்.

ஜோடி இல்லாமல் வரிசை நிற்காது

மாலை ஆறு மணிக்கு மைதானத்தின் ஓரத்தில், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். வரமாட்டேன் என்று சொன்ன அம்மாவே கூட்டி வந்திருந்தார். மகள் மதியம் சோறு தின்னவில்லை என்பது காரணமாம்.

வாத்தியாரிடம் பேத்தி போய்ப் பேசினாள். அவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஆலோலப் பகுதியைப் பாடச் சொன்னார். மைக் இல்லாமல் பாடினாள். இரண்டாவது அடியிலேயே மேளக்காரர் தன்னையறியாமல் சேர்ந்துகொண்டார். வாத்தியார் அவளை ஐந்தாவது வரிசையில் காலியாக இருந்த இடத்தில் நிறுத்தினார்.

சண்டை எதுவும் நடக்கவில்லை. சத்தம்கூட இல்லை. மூன்றாவது வரிசையிலிருந்து இரண்டு பெண்கள் தலைவலி என்று போய் உட்கார்ந்தார்கள். கோயில் திண்ணையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார்.

“ஏனுங்க வாத்தியாரே, ஊர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டீங்ளா?”

“ஜோடி இல்லாம வரிசை நிக்கலைங்க மாமா. நேத்து நீங்களே பாத்தீங்களே. புள்ள நல்லா ஆடுது. இல்லீனா நீங்க வந்து நில்லுங்க.”

பெரியவருக்கு வயது எழுபதுக்கு மேல். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவரும் பாதி சிரித்தபடி, பாதி முகம் இறுகியபடி, திண்ணைக்குத் திரும்பிப் போனார். பேசி முடியவில்லை, பிறகு பேசப்படும் என்பது அந்த நடையில் தெரிந்தது. எதிரே நின்று கைகொட்ட வேண்டியவள் பிளஸ் டூ மாணவி. முதல் சுற்றில் அவள் கை அரை அடிக்கு முன்பே நின்றுவிட்டது. இரண்டாவது சுற்றிலும் அப்படியே. மூன்றாவது சுற்றில் அடி வேகம் பிடித்தது. அந்த வேகத்தில் கையை எங்கே நிறுத்துவது என்று யோசிக்க நேரம் கிடைக்காது. கை கையில் பட்டது. வரிசை சாயவில்லை.

ஒன்பது மணி வரை ஆடினார்கள். பிறகு, எல்லா அரங்கேற்றங்களுக்கும் முன்னால் வருகிற அந்தப் பெரிய சண்டை தொடங்கியது. சேலை என்ன நிறம்? அரக்கு வேண்டும் என்று ஒரு அணி, மாம்பழ மஞ்சள்தான் நேரலையில் எடுப்பாகத் தெரியும் என்று இன்னொரு அணி. சாதிப் பேச்சுக்கு எழும்பாத குரல்கள் எல்லாம் இதற்கு எழும்பின. முக்கால் மணி நேரம் கழித்து, அரக்கு உடலும் மஞ்சள் கரையும் என்று முடிவானது. ஒரு சேலை 650 ரூபாய், ஜாக்கெட் தையற்கூலி தனி. பெண்கள் 40 பேர். மேளம், ஒலிபெருக்கி, அன்னதானம், வாத்தியாருக்கு வேட்டி துண்டு தட்சிணை எல்லாவற்றுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதினார்கள்.

புதிதாக வந்த பெண்ணின் சேலைக்குப் பணம் தான் தருவதாக பேத்தி சொன்னாள். அவள் அம்மா கேட்டுக்கொள்ளவில்லை. இடுப்பிலிருந்த சுருக்குப்பையைப் பிரித்து இருநூறு ரூபாயை எடுத்து நோட்டு எழுதுகிறவரிடம் நீட்டினார். “மிச்சம் ரெண்டு வாரத்துல குடுத்தர்றேனுங்க. பேரை எழுதிக்குங்க.” அவர் ஒரு கணம் வாத்தியாரைப் பார்த்தார். பிறகு எழுதினார். நாற்பதாவது பெயர்.

திங்கள் காலை ஐந்தரை மணிப் பேருந்தில் பேத்தி திருப்பூருக்குத் திரும்பும்போது, கும்மி வாட்ஸ்அப் குழுவில் இரண்டு அறிவிப்புகள் வந்திருந்தன. தலைவலிக்காரர்கள் இருவரும் குழுவிலிருந்து வெளியேறியிருந்தார்கள். அதற்குக் கீழே வாத்தியாரின் குரல் பதிவு. மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் சேர்ந்தே போனதால் ஜோடிக் கணக்கு கெடவில்லை, யாரும் இடம் மாற வேண்டாம், புதன்கிழமை எட்டு மணிக்கு வழக்கம்போல பயிற்சி. சேலைக் கடைக்காரர் மட்டும் சொல்லிவிட்டாராம், நாற்பதுக்கு ஆர்டர் போட்டது போட்டதுதான், இரண்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று.

அப்பத்தாவிடமிருந்து வியாழக்கிழமை போன் வந்தது. பீர்க்கன் மூன்று குழியிலும் முளைத்துவிட்டது. அவரை இன்னும் இல்லை, மேல்மண் மட்டும் லேசாகக் கீறல் விட்டிருக்கிறது. முள்கொத்தை ஒரு மயில் காலால் தள்ளிப் பழகிவிட்டது.